பெற்றோருக்கு ஒரு வக்கீல் அணி: நியூயார்க் 'சென்டர் ஃபார் ஃபேமிலி ரெப்ரசன்டேஷன்' சேவை பற்றிய மதிப்புரை

நியூயார்க் நகரத்தில், பிள்ளையைத் துன்புறுத்தியதாகவோ சரியாகக் கவனிக்காமல் விட்டதாகவோ குழந்தை நலத் துறை வழக்குத் தொடுக்கும்போது, வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத தாய்தந்தையருக்காகக் கட்டணமின்றி வாதாடும் அமைப்புகளில் ஒன்று 'சென்டர் ஃபார் ஃபேமிலி ரெப்ரசன்டேஷன்'. 2002இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு மன்ஹாட்டன், குயின்ஸ் குடும்ப நீதிமன்றங்களில் பணியாற்றுகிறது. பிராங்க்ஸில் 'பிராங்க்ஸ் டிஃபெண்டர்ஸ்', புரூக்ளினில் 'புரூக்ளின் டிஃபெண்டர் சர்வீசஸ்', ஹார்லெமில் 'நெய்பர்ஹுட் டிஃபெண்டர் சர்வீஸ்' ஆகியவையும் ஏறத்தாழ இதே முறையில் இயங்குவதால், முதலில் சொன்ன அமைப்பை மையமாக வைத்து இவை எல்லாவற்றையும் ஒரே வகைச் சேவையாகவே இங்கே மதிப்பிடுகிறேன். தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சில குடும்பங்களோடு இத்தகைய வக்கீல் அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும், இந்தத் துறையின் சட்டங்களையும் ஆய்வுகளையும் ஓரளவு படித்திருக்கிறேன் என்பதும்தான் இதை எழுத எனக்குள்ள தகுதி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட பெற்றோருக்கு அமெரிக்காவில் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த உதவிகளில் இது ஒன்று. ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அது வர வேண்டிய நேரத்தைவிடச் சற்றுப் பிந்தியே வருகிறது.

இந்தச் சேவையின் அருமை தெரிய வேண்டுமானால் அது எதன் எதிரே நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் பிள்ளைகள் மீதான கொடுமை குறித்த புகார்கள் எல்லாம் மாநில அளவிலான ஒரே தொலைபேசி மையத்துக்குப் போகின்றன. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் போன்றோருக்குச் சந்தேகம் எழுந்தாலே புகார் செய்வது சட்டப்படியான கடமை. செய்யத் தவறினால் அது குற்றம், நல்லெண்ணத்தோடு செய்த புகார் பிழையாகிப் போனால் அவர்கள்மீது வழக்கில்லை. மற்றவர்கள் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்; பெயர் சொல்லாமலே அழைக்கவும் நெடுங்காலமாக இடமிருந்து வந்திருக்கிறது. புகார் ஏற்கப்பட்டால் நகரத்தின் குழந்தை நலத் துறையான 'ஏசிஎஸ்' 24 மணி நேரத்துக்குள் விசாரணையைத் தொடங்கி, 60 நாட்களுக்குள் புகாருக்கு ஆதாரம் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

நாடு முழுவதற்குமான அரசுக் கணக்கைப் பார்த்தால், 2022இல் சுமார் 43 லட்சம் புகார்கள் வந்தன. அவை சுமார் 75 லட்சம் பிள்ளைகளைக் குறித்தவை. கொடுமைக்கோ கவனிப்பின்மைக்கோ ஆளானவர்கள் என்று முடிவானவர்கள் சுமார் 5 லட்சத்து 59 ஆயிரம் பேர், அவர்களிலும் நான்கில் மூன்று பங்கினர் கவனிப்பின்மை என்ற தலைப்பின் கீழ் வந்தவர்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டு மீதி எல்லாம் பொய்ப் புகார் என்று சொல்வாருண்டு, அது சரியல்ல. ஆதாரம் கிடைக்காத புகார் வேறு, பொய்ப் புகார் வேறு. வேண்டுமென்றே பொய் சொல்லிப் பிள்ளையை வைத்துப் பழிவாங்குவது விவாகரத்து வழக்குகளிலும், வாடகைத் தகராறுகளிலும், முறிந்த உறவுகளிலும் நடக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நான் பார்த்தவரையில் பெற்றோர் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் யாரோ ஒருவரின் அவசரத்தாலோ, அறியாமையாலோ, புகார் செய்யாமல் விட்டால் தன் வேலைக்கு ஆபத்து என்ற பயத்தாலோதான். 2017இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, அமெரிக்கப் பிள்ளைகளில் 37 சதவீதத்தினர் 18 வயது நிரம்புவதற்குள் ஒருமுறையாவது இத்தகைய விசாரணைக்கு உள்ளாகிறார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் அது 53 சதவீதம். இவ்வளவு அகலமாக வீசப்படும் வலையில் குற்றமற்றவர்கள் விழாமல் இருக்க வழியே இல்லை.

துறையின் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1995இல் நியூயார்க்கில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பலமுறை புகார்கள் வந்தும் காப்பாற்றப்படாமல் வீட்டிலேயே கொல்லப்பட்டாள். அந்தக் கொந்தளிப்பில்தான் 1996இல் ஏசிஎஸ் தனித் துறையாக அமைந்தது. இப்படி ஒரு சாவு செய்தியில் வரும்போதெல்லாம், அடுத்த சில மாதங்களுக்குப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரிப்பது கூடிவிடுகிறது. பிரிக்காமல் விட்டுப் பிள்ளைக்கு ஏதேனும் ஆகிவிட்டால் அந்த அலுவலரின் பெயர் நாளேட்டில் வரும்; வீணாகப் பிரித்துவிட்டால் யாருடைய பெயரும் எதிலும் வராது. தவறான குற்றச்சாட்டு ஏன் இவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

விசாரணை என்றால் என்னவென்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. கதவைத் தட்டும் கேஸ் ஒர்க்கர், அதாவது துறையின் விசாரணை அலுவலர், உள்ளே வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார். சமையலறை அலமாரியில் அரிசியும் பருப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். யார் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டுக் கட்டில்களை எண்ணுவார். 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஜன்னல் தடுப்புக் கம்பி இருக்கிறதா, புகை அபாயமணி வேலை செய்கிறதா என்று சோதிப்பார். பிறகு பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசி, சட்டையைத் தூக்கச் சொல்லி உடம்பைப் பார்ப்பார். பாட்டியோடு ஒரே பாயில் படுக்கும் பிள்ளையையும், ஐந்து வயதாகியும் ஊட்டிவிடப்படும் பிள்ளையையும் பார்த்துக் குறிப்பேட்டில் என்ன எழுதிக்கொள்கிறார் என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. நீதிமன்ற உத்தரவு இல்லாவிட்டால், அவசர ஆபத்து எதுவும் கண்ணுக்குத் தெரியாத நிலையில், உள்ளே விட மறுக்கும் உரிமை வீட்டிலிருப்பவருக்கு உண்டு. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை. 2022இல் 'புரோபப்ளிகா' என்ற செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வின்படி, ஏசிஎஸ் ஆண்டுக்குச் சுமார் 56,400 குடும்பங்களின் வீடுகளைச் சோதிக்கிறது. நீதிமன்றத்தில் நுழைவு உத்தரவு வாங்குவதோ சராசரியாக ஆண்டுக்கு 94க்கும் குறைவு. மற்ற எல்லா வீடுகளிலும் சம்மதத்தின் பெயரில் நுழைகிறார்கள். மறுத்தால் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று நடுங்கிக்கொண்டு தரும் சம்மதத்தையும் சம்மதம் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

இனி சேவைக்கு வருகிறேன். இழுபறியில்லாமல் வக்கீல் கிடைப்பதே நியூயார்க் பெற்றோருக்கு ஒரு பேறு. 1972இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய வழக்கில் வசதியில்லாத பெற்றோருக்கு அரசு செலவில் வக்கீல் தந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாடு தழுவிய நிலையில் அப்படி ஓர் உரிமை இல்லை. 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெற்றோர் உரிமையையே முற்றிலும் பறிக்கும் வழக்கில்கூட எல்லோருக்கும் வக்கீல் தர வேண்டும் என்று அரசமைப்பு சொல்லவில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் முடிவு செய்துவிட்டது. ஆனால் நியூயார்க்கிலும் பல ஆண்டுகள் அந்த உரிமை ஏட்டில்தான் இருந்தது. '18-பி' என்ற பட்டியலில் இருந்த தனி வக்கீல்களை நீதிமன்றம் நியமிக்கும்; 2004இல் மணிக்கு 75 டாலர் என்று வைத்த கூலி 2023 வரை ஏறவே இல்லை, அதன் பிறகே 158 டாலர் ஆனது. அந்தப் பட்டியலில் மிக நல்ல வக்கீல்களும் இருக்கிறார்கள் என்றாலும், ஒற்றை ஆளாய் நின்று, உதவிக்கு ஒரு எழுத்தர்கூட இல்லாமல், ஒரே காலையில் நாலு வழக்குக்கு ஓடுகிறவரிடம் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்? 2007இல் நகர நிர்வாகம் இத்தகைய அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் நிலைமை மாறியது.

மாறியது என்னவென்றால், ஒரு வழக்குக்கு ஒரு வக்கீல் என்பது போய் ஓர் அணி வந்தது. வக்கீலோடு சமூகப் பணியாளர் ஒருவரும், 'பேரன்ட் அட்வகேட்' என்று அழைக்கப்படும் ஒருவரும் வருகிறார்கள். இந்த மூன்றாமவர் படித்துப் பட்டம் பெற்று வந்தவர் அல்லர். இதே போன்ற குழந்தை நலத் துறை வழக்கில் சிக்கி, சொந்தப் பிள்ளையைப் பிரிந்து, பிறகு மீட்டுக்கொண்டு வந்த ஒரு தாய் அல்லது தந்தை. என்னைக் கேட்டால் இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சம் இதுதான். வக்கீல் சொல்லும் சட்டம் அந்த நேரத்தில் எந்தத் தாயின் தலையிலும் ஏறுவதில்லை. அடுத்த சந்திப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார், பிள்ளை கிளம்பும்போது அழாதே, ஏனென்றால் கூட இருக்கும் கண்காணிப்பாளர் அதையும் எழுதிக்கொள்வார் என்று, தான் பட்டதைச் சொல்பவரின் வார்த்தை ஏறுகிறது. நான் உடனிருந்த ஒரு வழக்கில், பேரன்ட் அட்வகேட்டாக வந்த, ஸ்பானிஷ் பேசும் அம்மாளை நம் ஊர்த் தாய் இரண்டாம் நாளிலேயே 'அக்கா' என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார். அவர்களுக்கிடையே அதற்கு மேல் என் மொழிபெயர்ப்பு பெரிதாகத் தேவைப்படவில்லை.

அந்த வழக்கைப் பற்றி, ஆளை அடையாளம் காட்டாத அளவுக்கு, இன்னும் கொஞ்சம் சொல்லலாம். பகல்நேரக் குழந்தைக் காப்பகம் ஒன்றில் டயப்பர் மாற்றியவர், நாலு மாதக் குழந்தையின் இடுப்புக்குக் கீழே கருநீலத் திட்டுகளைக் கண்டு, கன்றிப்போன காயம் என்று நினைத்துப் புகார் செய்துவிட்டார். நம்மவர் பிள்ளைகள் பலருக்கும் பிறக்கும்போதே முதுகின் அடியிலும் புட்டத்திலும் அப்படித் திட்டுகள் இருக்கும்; மருத்துவர்கள் 'மங்கோலியன் ஸ்பாட்' என்று அழைத்துவந்த அவை ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகளிடம் மிகச் சாதாரணம், சில ஆண்டுகளில் தானாகவே மங்கிப் போய்விடும். கன்றிய காயம் என்றால் தொட்டால் வலிக்கும், நாலைந்து நாளில் பச்சையாகி மஞ்சளாகி நிறம் மாறும். இவை வலிக்கவும் மாட்டா, நாளுக்கு நாள் மாறவும் மாட்டா. ஆனால் அதைக் காத்திருந்து பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லாமல், குழந்தையைத் தாயின் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வழக்கைப் போட்டுவிட்டார்கள். வக்கீல் வாதத்தைத் தயார் செய்துகொண்டிருக்கையில், அணியின் சமூகப் பணியாளர், பிள்ளை பிறந்தது முதல் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் காட்டு என்று தாயின் கைபேசியை வாங்கிப் பார்த்தார். குழந்தையைக் காலில் குப்புறப் போட்டுப் பாட்டி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் படம் ஒன்றில், அதே இடத்தில், அதே வடிவத்தில் நீலத் திட்டு தெளிவாகத் தெரிந்தது. படத்தின் தேதி, காப்பகத்தில் சேர்ப்பதற்கு மூன்று மாதம் முந்தியது. பிறந்த மருத்துவமனையின் கோப்பைத் தருவித்தபோது, முதல் நாள் பரிசோதனைக் குறிப்பிலேயே செவிலியர் அதை எழுதி வைத்திருந்தார். வழக்கு திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தில் கரைகண்ட ஒரு வக்கீல் தனியாக இருந்திருந்தால், கைபேசியைக் கேட்கும் நேரம் அவருக்கு வாய்த்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சென்டர் ஃபார் ஃபேமிலி ரெப்ரசன்டேஷன் தன் வேலைமுறைக்கு 'கார்னர்ஸ்டோன் அட்வகசி' என்று பெயர் வைத்திருக்கிறது. வழக்கின் முதல் 60 நாட்களுக்குள் நான்கு விஷயங்களில் முழுமூச்சாக இறங்க வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது, பெற்றோர் அதை எத்தனை முறை, எவ்வளவு நேரம், எங்கே பார்க்கிறார்கள், பெற்றோருக்கு விதிக்கப்படும் வகுப்பும் சிகிச்சையும் உண்மையில் அவர்களுக்குத் தேவையானவைதானா, நீதிமன்றத்துக்கு வெளியே துறை கூட்டும் கூட்டங்களில் அவர்கள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பவையே அந்த நான்கு. படிக்கும்போது இதில் பெரிய தந்திரம் எதுவும் இருப்பதாகத் தெரியாது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், அலுவலக அறையில், கண்காணிப்பாளர் எதிரே உட்கார்ந்திருக்கப் பிள்ளையைப் பார்க்கும் தாயையும், வாரத்தில் மூன்று நாள் தன் அக்கா வீட்டில் பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்க வைத்துவிட்டு வரும் தாயையும் ஆறு மாதம் கழித்து நீதிபதி முன்னால் நிறுத்திப் பாருங்கள். இருவரில் யாருக்குப் பிள்ளை ஒட்டுதலாக இருக்கிறது என்று அறிக்கை எழுதப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குற்றச்சாட்டு பொய்யானதாக இருந்தாலும் அந்த அறிக்கை மெய்யாகிவிடும்.

சட்டத்தில் இவர்கள் கையிலிருக்கும் கூரிய கருவி, குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 1028ஆம் பிரிவு. பிள்ளை பிரிக்கப்பட்ட பெற்றோர் இதன்படி மனுச் செய்தால், நீதிமன்ற வேலைநாள் மூன்றுக்குள் விசாரணை தொடங்கியாக வேண்டும்; பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் உடனடி ஆபத்து உண்டு என்று துறைதான் நிறுவ வேண்டும். இந்த விசாரணையில் என்ன பார்க்க வேண்டும் என்பதை 2004இல் 'நிக்கல்சன்' வழக்கின் தீர்ப்பு தெளிவாக்கியது: வீட்டில் இருப்பதால் வரக்கூடிய ஆபத்தை மட்டும் எடை போட்டால் போதாது, தாயிடமிருந்து பிரிப்பதால் பிள்ளைக்கு வரும் கேட்டையும் தராசின் மறுதட்டில் வைத்தாக வேண்டும். மூன்று நாளில் சாட்சிகளைத் திரட்டி, மருத்துவரைப் பிடித்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவதற்கு ஒற்றை வக்கீலால் முடிவதில்லை. அணி இருந்தால் முடிகிறது. இந்தப் பிரிவைப் பற்றிக் கேள்விப்படாமலே முதல் வாய்தாவுக்கு வந்து, அடுத்த வாய்தாவைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போன பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன்.

பாராட்டுக்கு என் கண் மட்டும் ஆதாரம் அல்ல. 2007 முதல் 2014 வரையிலான நியூயார்க் வழக்குகளில் சுமார் 28,000 பிள்ளைகளின் நிலையைப் பின்தொடர்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்த அணி முறை அலுவலகங்களையும் 18-பி வக்கீல்களையும் ஒப்பிட்டது. அணி முறையில் பெற்றோருக்கு வாதாடப்பட்ட பிள்ளைகள், வழக்குத் தொடங்கிய நான்கு ஆண்டுகளில் சராசரியாக 118 நாட்கள் குறைவாகவே ஃபாஸ்டர் கேரில், அதாவது அரசுப் பொறுப்பில் வேறு வீட்டில், இருந்தார்கள். முதல் ஆண்டிலேயே பெற்றோரிடம் திரும்புவது 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. இப்படிச் சீக்கிரம் திருப்பி அனுப்பியதால் பிள்ளைகள் பிறகு கொடுமைக்கு ஆளானார்களா என்பதையும் ஆய்வு பார்த்தது. அதில் வேறுபாடு காணப்படவில்லை. குற்றம் செய்தவர்களைத் தப்பவைக்கும் சேவை என்று இதைக் குறை கூறுபவர்களுக்கு இதைவிடக் கனமான பதிலை என்னால் தர முடியாது.

ஆனால் அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு முடிவும் இருக்கிறது. பிள்ளை முதலில் பிரிக்கப்படுவதா இல்லையா என்பதில் இரு வகை வக்கீல்களுக்குமிடையே வேறுபாடு எதுவும் இல்லை. காரணம் எளிது. வழக்குப் பதிவாகி, பெற்றோர் நீதிமன்றப் படியேறிய பிறகே வக்கீல் நியமிக்கப்படுகிறார்; கதவு தட்டப்பட்டது, ஃபிரிட்ஜ் திறக்கப்பட்டது, பதற்றத்தில் தாய் ஒன்றும் தந்தை ஒன்றுமாகச் சொன்னது, பிள்ளை காரில் ஏற்றப்பட்டது எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. பெரும்பாலும் முதல் வாய்தாவுக்குச் சில நிமிடங்கள் முன்னால், நீதிமன்றத் தாழ்வாரத்தில், குற்றச்சாட்டு மனு கையில் இருக்கத்தான் வக்கீலும் கட்சிக்காரரும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். நகர மன்றத்தின் நிதியுதவியோடு, விசாரணைக் கட்டத்திலேயே ஆலோசனை தரும் பணியையும் இந்த அமைப்புகள் அண்மைக் காலத்தில் தொடங்கியிருக்கின்றன. கேஸ் ஒர்க்கர் வந்த அன்றே தொலைபேசியில் அழைத்துப் பேசலாம். இந்தப் பகுதி முழு வலுப்பெற்றால்தான் சேவை முழுமையானது என்று கொள்வேன். டெக்சாஸ் மாநிலம் 2023இல் ஒரு சட்டம் செய்து, விசாரணைக்கு வரும் அலுவலர் பெற்றோரின் உரிமைகளை முதலிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஆக்கியதோடு, பெயர் சொல்லாத புகார்களையும் ஏற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. முற்போக்கு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நியூயார்க்கைவிட இந்த ஒரு விஷயத்தில் டெக்சாஸ் முந்திக்கொண்டது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

வழக்கு முழு விசாரணைவரை போகும்போது இன்னொரு சங்கடம் எழுகிறது. குடும்ப நீதிமன்றத்தில் விசாரணை ஒரே மூச்சில் நடப்பதில்லை. இன்று ஒரு மணி நேரம், ஐந்து வாரம் கழித்து அரை நாள் என்று துண்டு துண்டாக இழுத்துக்கொண்டே போகும். அந்த நேரம் பார்த்துத் துறையின் வக்கீல், குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், சில நிபந்தனைகளை ஓராண்டு வரை கடைப்பிடித்தால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று ஓர் உடன்பாட்டை நீட்டுவார். தவறே செய்யாத தந்தை, செய்யாததற்கு ஏன் வகுப்புக்குப் போக வேண்டும் என்று கொதிப்பார். அவர் கேட்பது நியாயம். ஆனால் நியாயம் கேட்டு முழு விசாரணைக்குப் போனால் பிள்ளை இன்னும் எட்டு மாதம் வேறு வீட்டில் வளரும். பிள்ளை பிரிந்திருக்கும் காலம் நீள்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு: 1997ஆம் ஆண்டு கூட்டரசுச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதம் ஃபாஸ்டர் கேரில் கழிந்துவிட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையையே முடிவுக்குக் கொண்டுவரும் வழக்கைத் துறை தொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டத்தில் தேவைப்படும் சாட்சியத்தின் தரம் உயர்ந்தது என்பது உண்மைதான். நியூயார்க்கிலிருந்தே போன 'சான்டாஸ்கி' வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவான, நம்பவைக்கும் சாட்சியமாக இருக்க வேண்டும் என்று வகுத்தது. ஆனாலும் அவ்வளவு தூரம் போக எந்தக் குடும்பமும் விரும்புவதில்லை. இந்த அலுவலகங்களில் எனக்குப் பிடித்தது, உடன்பாடு, முழு விசாரணை என்ற இரண்டு வழியிலும் என்னென்ன நடக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, தீர்மானத்தைக் கட்சிக்காரரிடமே விட்டுவிடுவது. சீக்கிரம் முடித்துக்கொண்டால் தனக்கு வேலை குறையும் என்ற அவசரத்தை அவர்களிடம் நான் காணவில்லை.

வழக்கு முடிந்தாலும் ஒட்டிக்கொண்டிருப்பது மாநிலப் பதிவேடு. ஆதாரம் உண்டு என்று முடிவான புகார், அதில் பெயர் வந்த கடைசிப் பிள்ளைக்கு 28 வயது ஆகும்வரை அங்கே இருக்கும். பிள்ளைகளைக் கவனிக்கும் வேலை தேடும் தாய்க்கு அது தடையாக நிற்கலாம். 2022 ஜனவரி வரையில், நம்பத்தக்க ஏதோ ஓர் ஆதாரம் இருந்தால் போதும் என்ற மிகத் தாழ்ந்த அளவுகோலில் இந்தப் பதிவு நடந்துவந்தது; இரு தரப்பு ஆதாரத்தையும் எடைபோட்டு எது மிகுதியோ அதன்படி முடிவெடுக்க வேண்டும் என்று அதன் பிறகே ஆனது. இந்தத் திருத்தத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் பெற்றோர் தரப்பு வக்கீல்களும் உண்டு. பதிவை நீக்கச் சொல்லி மேல்முறையீடு செய்ய வேண்டியது தனி வேலை, தனிக் கால வரம்பு. நீதிமன்ற வழக்கு முடிந்த நிம்மதியில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வக்கீல் நினைவூட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தாய், தந்தை இருவர் மீதும் வழக்கு இருந்தால், நலன் முரண்படலாம் என்பதால் இருவருக்கும் ஒரே அலுவலகம் வாதாடாது. ஒருவருக்கு அணி கிடைக்கும், மற்றவருக்கு 18-பி வக்கீல் கிடைப்பார். ஒரே வீட்டுக்குள் இரண்டு தரத்தில் பாதுகாப்பு என்பது பார்க்கவே விசித்திரமாக இருக்கிறது. அடுத்தது வருமான வரம்பு. நம்மவர்களில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த வரம்புக்கு மேலே இருப்பதால் இந்தச் சேவை அவர்களுக்குக் கிடைக்காது. தனி வக்கீலுக்கு மணிக்கணக்கில் கொடுத்துச் சேமிப்பெல்லாம் கரைந்தவர்கள் உண்டு. விசாவில் இருப்பவர்களுக்கு, இந்த வழக்கின் முடிவோ அதோடு சேர்ந்து வரும் குற்ற வழக்கோ குடியேற்றக் கோப்பைப் பாதிக்கலாம் என்ற கவலையும் கூடவே வரும். குடியேற்ற விவகாரம், வீட்டு வாடகை, குற்ற வழக்கு ஆகியவற்றுக்கும் தனி வக்கீல்களை இதே கூரையின் கீழ் வைத்திருப்பது இந்த அமைப்பின் பலம். வெளியே தனி வக்கீலை அமர்த்துபவர்கள் அந்தக் கூரையைத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படித் தனி வக்கீலை அமர்த்தும் நிலையில் இருப்பவர்களுக்கு, இந்த அலுவலகங்களைப் பார்த்து நான் தெரிந்துகொண்டதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். விவாகரத்து வழக்கில் பேர் பெற்றவர் என்பதற்காக யாரையும் எடுத்துவிடாதீர்கள். குழந்தை நலத் துறையை எதிர்த்து எத்தனை 1028 விசாரணை நடத்தியிருக்கிறார் என்று நேரடியாகக் கேளுங்கள், வேறு மாநிலமானால் அங்கே அதற்கு இணையான அவசர விசாரணை எது என்று கேளுங்கள். தன்னோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர் யாரேனும் இருக்கிறாரா, எலும்பு முறிவோ தலைக்காயமோ பேசப்படும் வழக்கானால் மருத்துவமனை சொல்வதைச் சரிபார்க்க எந்தத் துறை நிபுணரைக் கூப்பிடுவார் என்பதையும் கேளுங்கள். முதல் வாய்தாவில் அவர் எதைக் கேட்கப் போகிறார் என்பதற்கு, பிள்ளையைப் பார்க்கும் நேரத்தைப் பற்றிய பதில் வராவிட்டால் வேறு வக்கீலைத் தேடுங்கள். உறவினர் வீட்டில் பிள்ளையை வைக்க வாய்ப்பிருந்தால், அந்த உறவினரின் பெயர், முகவரி, வீட்டில் எத்தனை அறை என்பதுவரை எழுதிக் கையில் வைத்துக்கொண்டே அந்த முதல் சந்திப்புக்குப் போங்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று துறை அன்று மாலைக்குள் முடிவு செய்துவிடும்.